கரி பத்த வைக்க பெட்ரோல் எதுக்குங்க?

இந்த வாரம் ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைவு. அதனால் ரொம்ப நாளாக மனசுக்குள் புகைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை தங்கமணி, குழந்தைகள் சகிதம் இங்கே துபாயில் மம்சார் பூங்காவுக்குப் போயிருந்தோம். வெயில் குறைந்துவிட்டால் இங்கே எல்லாருக்கும் கரி அடுப்பு ஆசை வந்துவிடும். பக்கத்து அடுப்பில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர். கரியைக் கொட்டினார், பாட்டில் திரவத்தை ஊற்றினார், தீக்குச்சி போட்டார். குப்பென்று எரிந்தது, குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி குப். மூன்றாவது தடவை ஊற்றப் போனபோது என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய், "சார், சூடான கரி மேல ஊத்தாதீங்க, தீ பாட்டிலுக்கே ஏறிடும்"னு சொன்னேன். "இருபது வருஷமா இப்படித்தான் சார் பத்த வைக்கிறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்றார்.

நான் பேங்க்காரன். இன்னும் வராக்கடன் ஆகாத ஒரே காரணத்துக்காக ஒரு லோன் நல்ல லோன் ஆகிவிடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, திரும்பி வந்துவிட்டேன். "உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார் தங்கமணி. ஏன் என்று அவருக்கும் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன். கொசுவத்தி சுத்திக்குங்க.

2022 டிசம்பர். லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டில் கேரளா, வீட்டுக்குள் தமிழ். சித்தப்பா, மாமா பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பதினாலு பேர், இரண்டு வண்டி. பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி தாண்டி, சின்னாறு செக்போஸ்ட் வழியாக மறையூர், அங்கிருந்து மேலே காந்தளூர். பாலக்காடு ஒரு எல்லை, இடுக்கி இன்னொரு எல்லை, நடுவில் தமிழ்நாடு. தோட்டத்துக்கு நடுவில் ஒரு வாடகை பங்களா. ராத்திரிக்கு "பார்பிக்யூ பேக்கேஜ்" தனிக்காசு.

அடுப்பைப் பத்த வைக்க வந்தவன் பங்களாவில் வேலை பார்க்கிற பையன். இருபது வயசு இருக்கலாம். மறையூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பையன். கரி ஈரமாக இருந்தது, பிடிக்கவில்லை. எங்கள் கூட்டம் பசியில். "தம்பி, ஆச்சா?" "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" மாமா பையன் நாலு தடவை கேட்டான். நானும் ஒரு தடவை கேட்டேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

பையன் பைக்கிலிருந்து தண்ணி பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வந்தான். கரி மேலே கறுப்பாகத்தான் இருந்தது, உள்ளே நாலு துண்டு கனிந்திருந்தது. ஊற்றினான். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அடுத்த நொடி நெருப்பு பாட்டில் வரைக்கும் போய்விட்டது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. புருவம் கருகியது. உள்ளேயிருந்து ஒருத்தர் டூத்பேஸ்ட்டோடு ஓடி வந்தார். நல்லவேளை, சித்தப்பா பெண் நர்ஸ். அவள் பேஸ்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையன் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடித்து வைத்திருந்தாள். பிறகு ஜீப்பில் ஆஸ்பத்திரி.

பங்களா ஓனர் போனில் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "அவன் கவனக்குறைவுங்க."

எனக்குக் கோபம் அந்த வார்த்தை மேல்தான். அவசரம் எங்களுடையது, காசு ஓனருடையது, கை மட்டும் அவனுடையது. ஆனால் குறை மொத்தமும் அவன் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. பி.காம் முதல் வருஷத்திலேயே எங்கள் வாத்தியார் சொல்வார், ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை என்று.

இன்ஷூரன்ஸ் கேட்டேன். பேங்க்கில் 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடு போட்டிருந்தான். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையே போனால் 1 லட்சம். வெந்த கைக்கு மருத்துவச் செலவு? அதில் கிடையாது. நாங்கள் பதினாலு பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கொடுக்காமல் வந்திருந்தால் மனுசனே இல்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் ஏன் இப்படிச் செய்கிறது? மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விட அதைச் சுமார் 40 டிகிரிக்குச் சூடு பண்ண வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். காந்தளூர் குளிரெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனம், அடுப்பைச் சுற்றித் தரையோடு படுத்துக் கிடக்கும். கனல் மேல் ஊற்றினால் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆவி, பிறகு மொத்தமாக ஒரே வெடிப்பு. ஊற்றுகிற தாரை வழியே தீ மேலேறிக் கைக்கு வரும். கனல் சூட்டில் மண்ணெண்ணெயும் இதே வேலையைத்தான் செய்யும். கொரோனா காலத்துக்குப் பிறகு சில பேர் சானிடைசர் ஊற்றுகிறார்கள். அது இன்னும் மோசம், சாராயத் தீ பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

"லைட்டர் திரவம்னு கடையில விக்கிறானே?" என்பீர்கள். அது அடுப்புக்கென்று தயாரித்தது, பெட்ரோல் அளவு ஆபத்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதையும் பத்த வைப்பதற்கு முன்னால் ஒரே தடவைதான் ஊற்ற வேண்டும், எரிகிற கரியில் ஊற்றாதே என்று பாட்டிலிலேயே போட்டிருப்பான். கரி மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கறியை வை என்பதும் இருக்கும். அதாவது அந்த பாட்டில் வாங்கினாலும் இருபது நிமிஷம் காத்திருந்தே ஆக வேண்டும். அப்புறம் எதில் நேரம் மிச்சம்? அதன் புகை காற்றைக் கெடுக்கிறது என்று லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரக் காற்றுத்தர நிர்வாகம் 1990-லேயே அதற்குத் தனி விதி போட்டது.

அவசரத்துக்கு மருந்து தேடினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிள் என்ற இன்ஜினியர் திரவ ஆக்சிஜன் ஊற்றி மூன்றே செகண்டில் கரியைப் பத்த வைத்தார். 1996-ல் வேதியியலுக்கான இக் நோபல் கொடுத்தார்கள். சிரிக்க வைப்பதற்கான பரிசு அது. அவருக்காவது தான் விளையாட்டு காட்டுகிறோம் என்று தெரியும். நம்மாட்களுக்கு அதுவும் தெரியவில்லை.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் என்னவென்றால், கரி பத்த வைக்கத் தெரியாத ஊரில் பிறந்தவர்கள் இல்லை நாம். பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் லாரி லாரியாகத் தேங்காய்த் தொட்டிக்கரி போகிறது. எங்கள் தெரு முனையில் ஓர் இஸ்திரிக்கார அண்ணன் இருந்தார். தினமும் காலையில் பெட்டிக்குக் கரி பத்த வைப்பார். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு தொடமாட்டார். ஏன் என்று சின்ன வயசில் கேட்டேன். "வாத்தியார் சட்டையில சீமெண்ணெய் நாத்தம் வந்தா நாளைக்கு எவன் துணி குடுப்பான்?" என்றார். கொஞ்சம் தேங்காய் நார், நாலு தொட்டி, மேலே கரி. பெட்டியின் ஓட்டைகளைக் காற்று வருகிற பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே கிடையாது, காற்று சும்மா வந்து ஊதும். அவர் திரும்பி வரும்போது பெட்டி தயார்.

சட்டைக்கே ஆகாத மண்ணெண்ணெய் வாடை, வாயில் போடுகிற கறிக்கு மட்டும் ஆகுமா? என் கேள்வி அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, டின். பெரிய பால்பவுடர் டின், அடியில் நிறைய ஓட்டை, பக்கவாட்டிலும் அடியோடு ஒட்டி நாலைந்து ஓட்டை. முதல் தடவை வெளியில் வைத்து வெறும் டின்னை நன்றாக எரித்துவிடுங்கள், பெயின்ட் போகட்டும். துத்தநாகம் பூசிய வாளி, தகரம் வேண்டாம், சூட்டில் அதன் புகை கெடுதல். டின் நிறையக் கரி. அதை மூன்று கல் மேல் வைத்து, கீழே இரண்டு தாள் நியூஸ்பேப்பரைக் கசக்கி, ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் தெளித்துக் கொளுத்துங்கள். எண்ணெய் இருந்தால் பேப்பர் திரி மாதிரி நின்று எரியும். சூடு மேலே போகப்போக அடியிலிருந்து காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். விசிற வேண்டாம், ஊத வேண்டாம். பதினைந்து இருபது நிமிஷத்தில் மேல் கரியில் சாம்பல் பூக்கும். கைப்பிடியை மறந்துவிடாதீர்கள், கொறடு இல்லாமல் டின்னைத் தொடாதீர்கள். இதையே சிம்னி என்று கடையில் விற்கிறார்கள்.

இரண்டு, இஸ்திரிக்கார அண்ணன் முறை. அடியில் நார், அதன் மேல் தொட்டியைக் கவிழ்த்துக் கோபுரமாக அடுக்கி, சுற்றிக் கரி. தொட்டி தானே எண்ணெய் மாதிரி நின்று எரியும்.

மூன்று, மின்சார அடுப்புக் கம்பிச்சுருள். இங்கே ஷீஷா கடைகளில் கரிக்கட்டியை அதில்தான் கனிய வைக்கிறார்கள். தீயே கிடையாது.

சூடம் பத்தும், ஆனால் கரும்புகை. அதைச் சாமிக்கே விட்டுவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். வீடியோவில் நன்றாக இருக்கும், பொறி எங்கே பறக்கிறது என்று வீடியோ காட்டாது. சின்னாறு, மறையூர்ப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், மழைக்காலம் முடிந்தால் புல் காய்ந்து சருகாகிவிடும். 2018 மார்ச்சில் அதே இடுக்கி எல்லையில், கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணியில் தீயில் மாட்டி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்று அதற்குப் பிறகும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கரி ஈரமென்றால்? மதியமே வெயிலில் காயப் போட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குக் கறி வேண்டுமென்றால் ஏழு மணிக்குச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால், மிச்சக் கனலோடு அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குளிருக்காம்! நான் போட்ட சத்தத்தில் வெளியே வைத்தார்கள். அணையப்போகிற கரிதான் அதிக ஆபத்து. புகையும் இருக்காது, வாடையும் இருக்காது, கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமனில் ஒரு விடுதி அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளத்தவர் எட்டுப் பேர், அதில் நாலு குழந்தைகள், எழுந்திருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, அந்த ராத்திரி என்னை "பயந்தாங்கொள்ளி" என்று சொன்ன மாமா பையனே போன் பண்ணினான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களே, பேக்கேஜுக்குக் காசு வாங்குகிறீர்களே, அதில் ஒரு சிம்னி வாங்குங்கள். பையன்களிடம் பெட்ரோல் பாட்டிலைப் பார்த்தால் பிடுங்குங்கள். "கவனக்குறைவு" என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடி பாருங்கள். தங்கப் போகிறவர்களே, "தம்பி, ஆச்சா?" என்று கேட்காதீர்கள். பசித்தால் மிக்சர் சாப்பிடுங்கள்.

போன வருஷம் மறுபடி காந்தளூர் போனேன். பையன் அங்கேதான் இருக்கிறான். கை நன்றாக ஆறிவிட்டது, தோல் மட்டும் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருக்கிறது. நான் கொண்டுபோன பால்பவுடர் டின்னைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அப்பவே இருந்திருக்கலாம்ல சார்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

டிஸ்கி: தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீர் இருபது நிமிஷம், பிறகு டாக்டர். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். டின்னில் ஓட்டை போட நான் ரெடி, ஆணி இருக்கிறது. ஆபீஸ் ஆணி இல்லை, நிஜ ஆணி.