ஒரு கீ போனா முழு லேப்டாப்பா? வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

லேப்டாப் வாங்கும்போது என்னவெல்லாம் பார்ப்பீங்க? பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கா இல்லையா. இந்த லிஸ்ட்ல இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கோங்க: "இதுல ஒரு கீ போனா, எவ்வளவு பெரிய பாகத்தை மாத்தணும்?"

கேட்க சின்ன விஷயம்தான். ஆனா உங்க லேப்டாப் 4 வருஷம் உழைக்குமா, 6 வருஷம் உழைக்குமா என்பதைப் பல நேரம் இதுதான் முடிவு செய்யுது.

கீபோர்டுக்குள்ள என்ன இருக்கு?

பெரும்பாலான லேப்டாப்ல, மேலே நாம தொடும் பிளாஸ்டிக் மூடி. அதைத் தாங்க கத்தரிக்கோல் மாதிரி ஒரு கிளிப். அதுக்குக் கீழே ரப்பர் குமிழ். எல்லாத்துக்கும் அடியில, எல்லா கீகளுக்கும் பொதுவா ஒரே மெல்லிய மெம்பிரேன் ஷீட்.

மூடியோ கிளிப்போ உடைஞ்சா, அதே மாடலுக்கான உதிரி கிடைச்சா போதும், நீங்களே பொருத்திடலாம். ஆனா டீ கொட்டி மெம்பிரேன் போச்சுன்னா கதையே வேற. பல கீகள் ஒரே மின்தடத்தைப் பகிர்ந்துக்கறதால, ஒரு தடம் அறுந்தாலே நாலஞ்சு கீ சேர்ந்து போகும். அப்போ கீபோர்டையே மாத்தணும்.

செலவு கூடுறது இங்கதான். பழைய திங்க்பேட் மாடல்கள்ல சில ஸ்க்ரூவைக் கழட்டினா கீபோர்டு தனியா வந்துடும். இன்றைய மெல்லிய லேப்டாப் பலவற்றில் கீபோர்டை மேல் கவரோட பிளாஸ்டிக்கை உருக்கிப் பிணைச்சிடறாங்க. கீபோர்டுக்காக நீங்க கவருக்கும் சேர்த்துப் பணம் கட்டணும்.

இதுக்குப் பெரிய உதாரணம் ஆப்பிள். 2015-ல் 'பட்டர்ஃபிளை' கீபோர்டைக் கொண்டு வந்தாங்க. கீ ஒட்டிக்குது, ஒரு தடவை தட்டினா ரெண்டு எழுத்து விழுதுன்னு புகார்கள் குவிந்தன. 2018-ல் இலவச சர்வீஸ் திட்டம் அறிவிச்சாங்க. மேக்புக் ப்ரோவில் கீபோர்டு, மேல் கவர், ஒட்டப்பட்ட பேட்டரி எல்லாம் ஒரே யூனிட். 2019 இறுதியில் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்ப ஆரம்பிச்சாங்க. 2022-ல் அமெரிக்க வழக்கு ஒன்றில் 5 கோடி டாலருக்கு சமரசம் செய்துக்கிட்டாங்க.

வேற மாதிரி செய்ய முடியாதா? முடியும். ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021-லிருந்து பாகம் பாகமாக மாற்றக்கூடிய லேப்டாப் விற்குது. அவங்க 16 இன்ச் மாடல்ல கீபோர்டை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலேயே எடுத்து மாத்தலாம். நம்பர்பேடு வேணும்னா பக்கத்துல சேர்த்துக்கலாம்.

ஒரு சிஏ கண்ணில்

கணக்கியலில் இதுக்குப் பழைய விதி ஒண்ணு இருக்கு. ஒரு சொத்தில் கணிசமான மதிப்புள்ள பாகத்துக்கு ஆயுள் வேறயா இருந்தா, அதைத் தனியா தேய்மானம் போடணும். விமானத்தின் உடல் வேற, என்ஜின் வேற. கணக்குப் புத்தகம் பாகத்தைப் பிரிச்சுப் பார்க்குது. தயாரிப்பாளர் ஒட்டி வைக்கிறார்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். லேப்டாப் 60,000 ரூபாய். 4-வது வருஷ முடிவில் கீபோர்டு போகுது. தனியா மாத்த 3,500 ரூபாய்னா, மாத்திட்டு இன்னும் 2 வருஷம் ஓட்டுவீங்க. மொத்தம் 63,500, வருஷத்துக்குச் சுமார் 10,600. அதுவே சர்வீஸ் சென்டர்ல 16,000 கேட்டா? "இதுக்குப் புதுசே வாங்கிடலாம்"னு தோணும். அப்போ வருஷத்துக்கு 15,000. நல்லா இருக்கும் ஸ்கிரீனும் மதர்போர்டும் அதோட சேர்ந்து ஓரம் போகுது.

இதுல சம்பளக்காரருக்கு இன்னொரு அடி. தொழில் செய்யறவர் கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானம் காட்டலாம், ரிப்பேரைச் செலவில் எழுதலாம். உங்களுக்கு 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் லேப்டாப் வாங்கினாலும் அவ்வளவுதான், வாங்காட்டியும் அவ்வளவுதான். முழுக்க வரி கட்டின பணம்.

மறுபக்கமும் இருக்கு. ஸ்க்ரூவும் கனெக்டரும் வச்சா தடிமன் கொஞ்சம் கூடும், அசெம்பிளி செலவும் கூடும். ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் வச்சா லேப்டாப் இன்னும் தடிக்கும். அதனால அதை நான் கேட்கலை. மூடியும் கிளிப்பும் தனியா விற்கணும், கீபோர்டு தனியா கழலணும். அவ்வளவுதான். ரெண்டு மில்லிமீட்டர் மெல்லிசா இருக்கறதுக்காக ரெண்டு வருஷ ஆயுளைக் கொடுக்கறது நல்ல பேரம் இல்லை.

வாங்கும் முன் இதைச் செய்யுங்க:

1. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, அந்த மாடலுக்குக் கீபோர்டு தனியா வருமா, லேபரோட எவ்வளவுன்னு கேளுங்க.

2. சர்வீஸ் மேனுவல் இணையத்தில் இருக்கான்னு பாருங்க. கீபோர்டைக் கழட்டும் பக்கத்தை மட்டும் படிச்சாலே போதும்.

3. சாதாரண வாரண்டியில் தண்ணி, டீ கொட்டினது பொதுவா வராது. ஆக்சிடென்டல் டேமேஜ் பிளான் விலையை, முதல் கேள்வியில் கிடைச்ச தொகையோட ஒப்பிடுங்க.

பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப்புக்கு ரிப்பேர் மதிப்பெண்ணை 10-க்கு இவ்வளவுன்னு வாங்குறவர் பார்க்கும்படி காட்டணும். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டலைத் தொடங்கியிருக்கு. நல்ல ஆரம்பம். ஆனா நமக்குத் தேவை விலைச்சீட்டு பக்கத்திலேயே அந்த மதிப்பெண். அது வரும்வரை கடையில் அந்தக் கேள்வியை நீங்கதான் கேட்கணும். பத்து பேர் கேட்டா சேல்ஸ்மேன் பதில் தேடுவார். பத்தாயிரம் பேர் கேட்டா கம்பெனி டிசைனை மாத்தும்.