வலிப்பு நின்றால் மனச்சோர்வும் போய்விடுமா?

வலிப்பு நோயாளி சோர்ந்து கிடந்தால் வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதுதான்: இப்படியொரு நோய் வந்தால் கவலை இருக்கத்தானே செய்யும், வலிப்பு நின்றால் அதுவும் போய்விடும், அதற்கென்று தனி மாத்திரை போட்டால் வலிப்பு கூடிவிடும். சில மருத்துவர்களும் இதை ஆமோதிக்கிறார்கள். அக்கறையில் சொல்லப்படும் இந்த மூன்றும் பிழை, ஆபத்தான பிழை.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், திருமணத்துக்குத் தடையானவற்றில் மனநோயோடு வலிப்பையும் சேர்த்திருந்தது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. இன்றும் நோயை மறைத்துத் திருமணம் முடித்து, புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடும் பெண்கள் உண்டு. ஆனால் சோர்வு முழுவதும் நோய் தந்த கவலைதான் என்றால், முதல் வலிப்புக்கு முன்பே அது தலைகாட்டக் கூடாது. மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. இரண்டுக்கும் மூளையில் பொதுவான வேர்கள் உண்டு. காதுக்கு நேர் உள்ளே இருக்கும் டெம்பொரல் லோப் பகுதி பயத்தோடும் நினைவோடும் தொடர்புடையது. அங்கே தொடங்கும் வலிப்பில் பல நேரம் கைகால் உதறாது. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறும். காரணமில்லாத பயம் கவ்வும். நோயாளி சட்டைப் பொத்தானைத் திருகியபடி சப்புக்கொட்டுவார். ஓரிரு நிமிடத்தில், நடந்தது நினைவில்லாமல் விழிப்பார். அந்தப் பயமே வலிப்பின் ஒரு பகுதி.

வலிப்பு அடங்கினால் சிலருக்கு மனமும் தெளிகிறது, எல்லோருக்கும் அல்ல. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை, மாதத்துக்கு எத்தனை முறை வலிப்பு வந்தது என்பதைவிட மனச்சோர்வே அதிகம் கெடுப்பதாக ஆய்வுகள் கண்டன. சிலருக்கு வலிப்பு நின்று, மூளை மின்பதிவும் சீரான வேளையிலேயே மனம் குலைவதை மருத்துவர் ஹைன்ரிஷ் லாண்டோல்ட் 1950களிலேயே விவரித்தார். வலிப்பு மருந்தின் பங்கும் உண்டு. ஃபீனோபார்பிட்டோன் சிலரைச் சோர்வில் தள்ளும். லெவெடிராசெட்டம் சிலரை எரிந்து விழ வைக்கும். "மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பையன் ஆளே மாறிட்டான்" என்று தாய் சொன்னால் மருத்துவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். வீட்டாராகவே மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை வலிப்பைக் கூட்டும் என்ற மூன்றாவது அச்சத்துக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு: புப்ரோபியான், க்ளோமிப்ரமின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள், குறிப்பாக அதிக அளவில், வலிப்பைத் தூண்டக்கூடியவை. அந்தச் சிலவற்றை வைத்து எல்லாவற்றையும் ஒதுக்குவது தவறு. செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை வழக்கமான அளவில் பாதுகாப்பானவை. மனச்சோர்வு மருந்துகளின் சோதனைத் தரவுகளை அலசிய 2007ஆம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களுக்கே வலிப்பு குறைவாக வந்திருந்தது.

சிகிச்சை தராமல் விடுவதன் விலை மிகப் பெரிது. வலிப்பு உள்ளவர்கள் தற்கொலையால் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று டென்மார்க் ஆய்வொன்று கணக்கிட்டது. நோய் கண்டறியப்பட்ட முதல் ஆறு மாதங்களில் அது இன்னும் அதிகம். அந்த மாதங்களில்தான் நோயாளி அடிக்கடி நரம்பியல் மருத்துவரிடம் வருகிறார். அப்போதே கேட்டுவிடலாம்: வலிப்பு நோயாளிகளின் மனச்சோர்வைக் கண்டறியவே ஆறு கேள்விகள் கொண்ட படிவம் 2006 முதல் இருக்கிறது. நிரப்பச் சில நிமிடங்கள் போதும். சோர்வு உறுதியானால் நரம்பியல் மருத்துவரே மருந்தைத் தொடங்கலாம். தற்கொலை எண்ணமோ மனப்பிறழ்வோ தெரிந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.