பதினாறு வாக்குகளும் ஒரு தொழிற்சங்கமும்

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடைக்கு வந்தபின் நடக்கும் பேச்சில் தொழிற்சங்கம் என்ற சொல் விழுந்துவிட்டால், நண்பர்கள் உடனே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். முதல் அணிக்குச் சங்கத் தலைவர்கள் எல்லாருமே விலைபோனவர்கள். ஆகவே சங்கமே ஒரு வீண் வேலை. இரண்டாம் அணிக்குத் தலைமையைப் பற்றி ஒரு சொல் வெளியே சொன்னாலும் அது முதலாளிக்குச் செய்யும் சேவகம். இருவரும் தாங்கள் எதிரெதிர்த் துருவங்கள் என்று நம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தா கட்டும் சாதாரண உறுப்பினரிடம் இருவரும் வேண்டுவது ஒன்றையேதான்: நீ வாயைத் திறக்காதே.

இந்தக் கருத்தை மறுப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம் ஊரைச் சார்ந்ததல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் பயணிகளைக் கவனிக்கும் விமானப் பணியாளர்களின் சங்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். உள்ளூர்ச் சங்கத்தைப் பேசினால் பேசுபவன் எந்தக் கட்சி என்ற ஆராய்ச்சியிலேயே விவாதம் முடிந்துவிடும். தொலைவில் நடந்ததைப் பார்க்கையில் கொஞ்சம் நிதானம் கிடைக்கிறது.

முதலில் அவர்களுடைய நிலைமை. அமெரிக்க விமானங்களில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம், விமானத்தின் கதவு மூடப்பட்ட பிறகே பணியாளரின் மணிக்கூலி கணக்கில் ஏறும் என்பது. பயணிகளை வரவேற்று அமரவைப்பதும், பெட்டிகளைத் தூக்கி வைக்க உதவுவதும், தாமதத்துக்கு வசை வாங்குவதும் அந்தக் கணக்கில் சேராது. இனி சட்டம். 1926இல் ரயில் தொழிலாளர்களுக்காக இயற்றப்பட்டு 1936இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட சட்டத்தின்கீழ், ஒப்பந்தத்தின் காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் செத்துவிடுவதில்லை. புதியது வரும்வரை பழைய ஊதியமும் பழைய விதிகளும் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். தேசிய மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து இரு தரப்பையும் விடுவித்து, அதன்பின் 30 நாள் கடந்தால்தான் வேலைநிறுத்தம் சாத்தியம். ஆக, உறுப்பினரின் கையில் மெய்யாகவே இருக்கும் ஆயுதம் ஒன்றுதான். தலைமை பேசிக் கொண்டுவரும் உத்தேச ஒப்பந்தத்துக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று அளிக்கும் வாக்கு. அந்த வாக்கை மழுக்கிவிட்டால் மிஞ்சுவது சந்தா ரசீது மட்டும்.

இந்தச் சங்கத்தின் பிறப்பே ஓர் அதிருப்தியின் விளைவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பணியாளர்கள் அதுவரை பெரியதொரு போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பகுதியாக இருந்தார்கள். தங்கள் குரல் அங்கே எடுபடவில்லை என்று கருதி, 1977இல் ஒட்டுமொத்தமாக வெளியேறித் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். 1993 நவம்பரில், அமெரிக்கர்கள் குடும்பத்தைத் தேடிப் பயணம் செய்யும் நன்றி நவிலல் விழாவுக்கு முந்தைய நாட்களில், இந்தச் சங்கம் நடத்திய ஐந்து நாள் வேலைநிறுத்தம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதிபர் கிளின்டன் தலையிட்டு, நிர்வாகத்தை நடுவர் முறைக்கு இணங்கவைத்தார். சங்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் கதை 1993இல் முடியவில்லை. 2003 ஏப்ரலில், திவால் மனுவைத் தாக்கல் செய்யாமலிருக்க வேண்டுமென்றால் ஊழியர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. விமானிகளும் மெக்கானிக்குகளும் ஒப்புக்கொண்டார்கள். விமானப் பணியாளர்களின் வாக்கெடுப்பில் மட்டும் ‘இல்லை’ வென்றது. அப்போது நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. வாக்களிக்கும் கெடு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. வாக்கை மாற்றிக்கொள்ளவும் வாய்ப்பளிக்கப்பட்டது. மறுநாள் ‘ஆம்’ வென்றது. அதே வாரத்தில், உயர் அதிகாரிகளைத் தக்கவைத்துக்கொள்ளப் பெரிய ஊக்கத்தொகைகளும், திவாலானாலும் அவர்களுடைய ஓய்வூதியம் கரையாதபடி ஒரு தனி அறக்கட்டளையும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்த செய்தி வெளிவந்தது. கொந்தளிப்பு எழுந்தது. தலைமை நிர்வாகி டான் கார்ட்டி ஏப்ரல் 24இல் பதவி விலகினார். நிறுவனமோ 2011 நவம்பரில் எப்படியும் திவால் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நிர்வாகத்தின் நடத்தைக்கு விளக்கம் தேவையில்லை. முதலாளி முதலாளியாகத்தான் இருப்பார். நான் கேட்பது வேறு. உறுப்பினர்கள் ‘இல்லை’ என்று சொன்ன பிறகு ‘ஆம்’ வரும்வரை பெட்டியைத் திறந்து வைத்திருப்பதற்கு என்ன பெயர்? தலைமைக்குத் தீய எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. திவாலானால் இதைவிடப் பெரிய இழப்பு வரும் என்று அவர்கள் உண்மையிலேயே அஞ்சியிருக்கலாம். ஆனால் அந்த அச்சத்தை வாக்கெடுப்புக்கு முன் வாதமாக வைப்பது வேறு. வாக்கெடுப்புக்குப் பின் முடிவைத் திருத்தும் கருவியாக்குவது வேறு. முன்னதன் பெயர் தலைமை. பின்னது உறுப்பினரைக் குழந்தையாக்குவது.

11 ஆண்டுகள் கழித்து இதே நாடகத்தின் இன்னொரு காட்சி. யு.எஸ். ஏர்வேஸுடன் இணைந்தபின், இரு நிறுவனப் பணியாளர்களுக்கும் பொதுவான ஒப்பந்தம் 2014 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 8,180. எதிர்ப்பு 8,196. பதினாறே வாக்குகளில் ஒப்பந்தம் தோற்றது. ஆனால் இந்த ‘இல்லை’க்குப் பின்னால் எந்த வலுவும் இல்லை என்பது முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருந்தது. நிராகரித்தால் விவகாரம் நடுவர்களிடம் போகும்; அவர்கள் சந்தை மதிப்பை அளவுகோலாக வைத்தே தீர்ப்பளிப்பார்கள்; வேலைநிறுத்தத்துக்கு இடமில்லை. அந்த அளவுகோலின்படி கிடைக்கக்கூடியது, நிராகரிக்கப்பட்ட ஒப்பந்தத்தைவிடக் குறைவு. பிறகு நிர்வாகம் அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுசெய்ய முன்வந்தது உண்மை. ஆனால் அது உரிமையாக வரவில்லை, அருளாக வந்தது. தோற்றத்தில் வாக்கெடுப்பு, உள்ளே கேள்வித்தாளுக்கு முன்பே அச்சாகிவிட்ட விடைத்தாள்.

எதிர்த்து வாக்களித்தவர்களை ‘விவரம் தெரியாதவர்கள்’ என்று பழிப்பது இத்தகைய தருணங்களில் எளிது. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இல்லை’ என்று சொல்ல முடியாத நிலைக்கு உறுப்பினர்களைக் கொண்டுசேர்த்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது யார் என்பது. சங்கத் தலைவர் லாரா கிளாடிங், பெருகிவந்த எதிர்ப்புக்கு நடுவே 2015இல் பதவி விலகினார். இணைப்புக்கு முன்னரே சங்கத்துக்கு ஒரு இடத்தைப் பெற்றுத்தந்தவர், திறமையான பேச்சுவார்த்தையாளர் என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். திறமையானவர்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி. உறுப்பினரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருப்பதால், அதை மீறி உறுப்பினரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இங்கே முதல் அணி நண்பர் குறுக்கிடுவார்: “இதைத்தானே நாங்களும் சொல்கிறோம், விட்டு வெளியேறுங்கள்.” வெளியேறியவர்களின் கதையையும் பார்ப்போம். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மெக்கானிக்குகள், தங்களைப் பெட்டி தூக்குவோருடனும் பயணச்சீட்டு எழுதுவோருடனும் ஒரே தட்டில் வைத்த பெரிய சங்கத்தின்மீது கொண்ட அதிருப்தியால், 1998இல் தங்கள் தொழிலுக்கான தனிச் சங்கத்துக்கு மாறினார்கள். 2005 ஆகஸ்ட் 20இல் அந்தச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, மெக்கானிக்குகளும் விமானங்களைத் துப்புரவு செய்பவர்களுமாகச் சுமார் 4,400 பேர் வெளியே நின்றார்கள். நிர்வாகம் முன்கூட்டியே பழக்கிவைத்திருந்த மாற்று ஆட்கள் உள்ளே போனார்கள். விமானிகள் வரவில்லை. மற்ற சங்கத்தார் வரவில்லை. அவர்கள் விட்டு வந்த பழைய சங்கத்தின் உறுப்பினர்கள் அவர்களைக் கடந்தே வேலைக்குச் சென்றார்கள். விமானங்கள் பறந்தன. கருங்காலி என்ற சொல்லை யாரை நோக்கி எறிவது என்று தெரியாத நிலை. நியாயமான கோபம் தனியாக வெளியேறியபோது, தெருவில் தனியாகவே நின்றது.

1977இல் வெளியேறியவர்கள் வென்றார்களே என்று கேட்கலாம். அவர்கள் முழுப் பிரிவாக, ஒருவர்கூட மிச்சமில்லாமல் வெளியேறினார்கள். அதனால் 1993 சாத்தியமாயிற்று. ஆனால் அதிருப்தியில் பிறந்த அதே சங்கத்தில்தான் 26 ஆண்டுகள் கழித்து வாக்குப்பெட்டி கூடுதலாக ஒரு நாள் திறந்திருந்தது. வீடு மாறினால் நோய் தீராது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. டெல்டா ஏர்லைன்ஸின் விமானப் பணியாளர்களுக்குச் சங்கமே இல்லை. ஆனாலும் 2022இல் பயணிகள் ஏறும் நேரத்துக்கு ஊதியம் தரத் தொடங்கியது அந்த நிறுவனம்தானே? ஆம், அதுதான். பாதி விகிதத்தில் என்றாலும் தந்தது. ஆனால் அங்கே சங்கம் அமைப்பதற்கான இயக்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தந்தது. வாசலில் சங்கம் நிற்கும்போது கிடைக்கும் சலுகையைச் சங்கம் தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவது, கொடையைக் கண்டு குடையை எறிவது போன்றது.

ஆக, வெளியேறுவதும் மருந்தல்ல, இல்லாமலிருப்பதும் மருந்தல்ல. சங்கங்களும் கட்சிகளும் காலப்போக்கில் சிலரின் கைக்குள் போய்விடும் என்பதை ஓர் இரும்பு விதியாகவே 1911இல் எழுதினார் ராபர்ட் மிக்கேல்ஸ். நம் முதல் அணி நண்பர்கள் அவரைப் படிக்காமலேயே அவருடைய சீடர்களாக இருக்கிறார்கள். சோசலிஸ்டாகத் தொடங்கிய மிக்கேல்ஸ், பிற்காலத்தில் முசோலினியின் கட்சியில் போய்ச் சேர்ந்தார் என்பதையும் அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. மக்களால் ஆள முடியாது என்ற முடிவுக்கு வந்தபின், யார் ஆள வேண்டும் என்ற கேள்விக்கு நல்ல விடை எதுவும் மிஞ்சுவதில்லை.

விதிக்கு விலக்கும் இருந்தது. இலக்கிய வாசகர்களுக்கு அது இனிக்கும். அமெரிக்க அச்சுக்கோப்போர் சங்கத்தில் இரண்டு கட்சிகள் முறைப்படி இயங்கின. தேர்தலில் தோற்ற தலைமை இறங்கியது, எதிரணி ஏறியது. லிப்செட், ட்ரோ, கோல்மன் ஆகிய மூவர் 1956இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சங்கம் ஏன் மட்டும் சிலராட்சியாக மாறவில்லை என்று ஆராய்கிறது. எதிரணி இருப்பது அங்கே துரோகமாகக் கருதப்படவில்லை. வேலைக்கு வெளியிலும் அவர்கள் தங்களுக்குள் சந்தித்தார்கள், மன்றங்கள் நடத்தினார்கள், தலைமையின் அனுமதி இல்லாமல் பேசிக்கொண்டார்கள். விரல்நுனியில் எழுத்தைத் தொட்டு வாழ்ந்தவர்களிடம் இந்தப் பழக்கம் இருந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

அண்மைக் காலமும் நம்பிக்கையற்றதாக இல்லை. அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானப் பணியாளர்கள் 2024 ஆகஸ்டில், தங்கள் தலைமை கொண்டுவந்த உத்தேச ஒப்பந்தத்தை 68 விழுக்காடு வாக்குகளால் நிராகரித்தார்கள். சங்கம் உடைந்துவிடவில்லை. தலைமை திரும்பிச் சென்று பேசியது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது ஒப்பந்தத்தை 95 விழுக்காட்டினர் ஏற்றார்கள். 2025 ஜூலையில் யுனைடெட் ஏர்லைன்ஸ் பணியாளர்கள் 71 விழுக்காடு வாக்குகளால் தங்கள் ஒப்பந்தத்தைத் திருப்பியனுப்பினார்கள். பதினாறு வாக்குகளில் தவித்த அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சங்கம், பயணிகள் ஏறும் நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்ற ஒப்பந்தத்தை 2024 செப்டம்பரில் 87 விழுக்காடு ஆதரவுடன் நிறைவேற்றியது. ‘இல்லை’ என்ற சொல்லுக்கு உள்ளே இருந்துகொண்டு மதிப்பு ஏற்படுத்தினால், ‘ஆம்’ என்ற சொல்லுக்கும் மதிப்பு வருகிறது.

இவ்வளவு தொலைவு போய்வந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆசிரியர் சங்கப் பொதுக்குழுவில், தலைமை ஒப்புக்கொண்டு வந்த ஒரு உடன்பாட்டின் நகலைக் கேட்டு எழுந்து நின்றேன். “நீர் யாருடைய ஆள்?” என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஆண்டு சந்தாவை மட்டும் கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போகவில்லை. என்னைச் சிரித்து உட்காரவைத்தவர்களைவிட, உட்கார்ந்துவிட்ட நானே அந்தச் சங்கத்துக்கு அதிகத் தீங்கு செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

தவறும்போது கடிந்து சொல்லும் துணை இல்லாத அரசனை அழிக்கத் தனியாக எதிரி வேண்டியதில்லை என்பது வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன அறிவுரை. செங்கோல் போய் வாக்குப்பெட்டி வந்தபின்னும் அது மாறவில்லை. நம் முதல் அணி நண்பர் அந்தத் துணையை வெளியே போகச் சொல்கிறார். இரண்டாம் அணி நண்பர் அதன் வாயைப் பொத்துகிறார். 8,196 பேர் இரண்டையும் செய்யவில்லை. சந்தாவையும் கட்டினார்கள், ‘இல்லை’ என்றும் சொன்னார்கள். சங்கம் என்பது அவர்கள்தாம். மேடையில் இருப்பவர்கள் அவர்களுக்காக அங்கே நிற்கிறார்கள், அவ்வளவே.

அடுத்த பொதுக்குழுவுக்கு நான் போகப்போகிறேன். உடன்பாட்டின் நகலை மீண்டும் கேட்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.