‘இருந்திருந்தால்’ என்ற சொல்லை மறந்தவருக்கு

சென்ற இதழில் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘ஹேவ்’ என்ற வினையின் இறந்தகாலம் ‘ஹேட்’. தமிழில் ‘இருந்தது’ வருகிற இடத்திலெல்லாம் அதைப் போட்டால் போதும். மற்றதெல்லாம் வாத்தியார்கள் காட்டும் பூச்சாண்டி. கட்டுரை சொல்வது இவ்வளவுதான். இருபது ஆண்டுகளாக மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளின் நாக்கிலிருந்து அதைக் கழற்றவே எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில், ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினை தமிழில் கிடையாது. எனக்கு ஒரு தம்பி இருந்தான், என்னிடம் பணம் இருந்தது என்கிறோம். நமக்கு எழுவாய் தம்பி, பணம். வினை அவற்றுக்கு ஏற்ப மாறும். ஆங்கிலத்திலோ உடையவன்தான் எழுவாய். ஐ, ஹி, தே எதுவானாலும் ‘ஹேட்’ அசையாது. இந்த இடமாற்றத்தைச் சொல்லாமல் ‘இருந்தது என்றால் ஹேட்’ என்று சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? ‘எங்கள் ஊரில் ஒரு கோயில் இருந்தது’ என்பதை மாணவன் ‘இன் அவர் வில்லேஜ் ஹேட் எ டெம்பிள்’ என்பான். அங்கே வர வேண்டியது ‘தேர் வாஸ்’. மறுபுறம், டீ குடித்ததற்கும் ‘ஹேட்’, சண்டை போட்டதற்கும் ‘ஹேட்’, போக வேண்டியிருந்ததற்கும் ‘ஹேட் டு கோ’. இவற்றில் எதையும் ‘இருந்தது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க முடியாது.

‘ஹேவ்டு’ என்று வராமல் ‘ஹேட்’ ஆனது ஆங்கிலத்தின் கிறுக்கு என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹேஃப்டெ’ என்றுதான் இருந்தது. நடுவிலிருந்த ஒலி தேய்ந்து மறைந்தது. ஜெர்மனிலும் ‘ஹாபன்’ என்ற வினை இறந்தகாலத்தில் ‘ஹாட்டெ’ ஆகிறது. அன்றாடம் புழங்கும் சொல் தேய்வது எல்லா மொழிக்கும் உள்ளது. தெரியாததைக் கிறுக்கு என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது ‘ஹேட் ஹேட்’ பற்றி அவர் எழுதியதுதான். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அது அச்சுப்பிழை, ஒன்றை அடித்துவிடுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிறார். ஐயா, நீங்கள் தமிழர்தானே? ‘பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்’ என்று வாழ்நாளில் ஒருமுறைகூட நீங்கள் சொன்னதில்லையா? ‘இருந்திருந்தால்’ என்பதில் ‘இரு’ இரண்டு முறை வருகிறது. முதல் ‘இரு’ பணம் இருப்பதைச் சொல்கிறது. இரண்டாவது ‘இரு’ துணைவினை; அந்த இருப்பை நடக்காமல் போன ஒரு பழைய காலத்துக்குத் தள்ளுகிறது. ‘இஃப் ஐ ஹேட் ஹேட் மணி’ என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. வரிசை மட்டும் வேறு: அங்கே துணைவினை முன்னால், முதன்மை வினை பின்னால். ஒன்றை அடித்தால் ‘இஃப் ஐ ஹேட் மணி’ மிஞ்சும். அதன் பொருள் ‘இப்போது பணம் இருந்தால்’. போனதற்கு வருந்துகிறவனை, இன்று கையில் காசில்லாமல் நிற்கிறவனாக மாற்றிவிட்டீர்கள்.

இதே இடத்தில் ‘ஹேட் என்றால் கடந்தகாலம்’ என்ற அவருடைய அடித்தளமும் சரிகிறது. ‘இஃப் ஐ ஹேட் மணி’ பேசுவது இன்றைய நிலையை. ‘யூ ஹேட் பெட்டர் கோ’ என்றால் நீ போய்விடுவது நல்லது. இனிமேல்தான் போக வேண்டும். வடிவம் இறந்தகாலம், பொருள் வேறு காலம். தமிழனுக்கு இது புதிதா? ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோமே, ‘பெய்தால்’ என்பதன் உள்ளே உட்கார்ந்திருப்பது ‘பெய்தது’ என்பதில் வருகிற அதே இறந்தகால ‘த்’. நம் மொழியிலேயே கையில் இருக்கும் சாவியை மாணவனுக்குக் காட்டாமல் மறைக்கிறது இந்தக் கட்டுரை.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கை கொடுக்காது. ‘நேற்று திருச்சிக்குப் போயிருந்தேன்’ என்று நாம் பேச்சைத் தொடங்கலாம். அதை ‘ஐ ஹேட் கான் டு திருச்சி எஸ்டர்டே’ என்று பெயர்த்தால், கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். போயிருந்தபோது என்ன நடந்தது, யார் வந்தார்கள்? தத்துவஞானி ஹான்ஸ் ரைஷன்பாக் 1947-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக்காட்டினார்: பேசும் நேரம், நிகழ்ச்சியின் நேரம், இரண்டுக்கும் நடுவே நாம் நின்று பார்க்கும் நேரம். அந்த நடுப்புள்ளி வாக்கியத்திலோ சூழலிலோ இல்லாதபோது ‘ஹேட் கான்’ அந்தரத்தில் தொங்கும். என்னிடம் வருகிற சுயவிவரக் குறிப்புகளில் பாதிக்கு மேல் ‘ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை பி.காம்’ என்றுதான் தொடங்குகின்றன. ‘ஹேட்’டை எடுத்துவிட்டால் வாக்கியம் சரி. கட்டுரையாளரோ, சேர்த்தால் ‘கெத்தாக’ இருக்கும் என்று அதையே சிபாரிசு செய்கிறார்.

‘டிட்’ வந்த பின் ‘ஹேவ்’தான், ‘ஹேட்’ அல்ல என்ற ஒற்றை வரியைக்கூட அவர் எழுதவில்லை. ‘ஐ டிடின்ட் ஹேட்’ என்று நம் பிள்ளைகள் சொல்வதற்கு வேறு யார் பொறுப்பு? சொல் நிற்கும் இடம் பற்றியும் மௌனம். ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால் நானே வெட்டியிருந்தேன்; ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் சலூனில் வெட்டிக்கொண்டேன். ஒரு சொல் நகர்ந்ததும் கத்தரி கைமாறிவிடுகிறது.

இதெல்லாம் நம்மூர் ஆங்கிலம், வெள்ளைக்காரன் சட்டம் எதற்கு என்பது அவருடைய கடைசி ஆயுதம். இந்திய ஆங்கிலம் என்று ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் செவிலியர்கள். நோயாளிக்கு ‘ஹேட் செஸ்ட் பெயின்’ என்று எழுதினால் வலி வந்து போய்விட்டது என்று மருத்துவர் படிப்பார். காலையிலிருந்து இன்னும் வலிக்கிறது என்றால் ‘ஹேஸ் ஹேட் செஸ்ட் பெயின் சின்ஸ் திஸ் மார்னிங்’. கட்டுரையாளரின் சூத்திரத்தில் இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு இடமே இல்லை.

‘ஹேட் ஹேட்’ அச்சுப்பிழை என்ற அந்த வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும். என் மாணவி ஒருத்தி அதைக் கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.