எம்டனை வென்றவர் போற்றும் தோல்வி

துணிச்சலும் தந்திரமும் மிக்க ஒருவனை, “அவன் பெரிய எம்டன்” என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பதைப் பெரியோர் அறிவர். மாணவருட் பலர் அறியார். 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாளிரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்த கப்பல் அது. அதனை அழித்தது ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பலாகும்.

அவ்வாண்டு நவம்பர் முதலாம் நாள், அவுஸ்திரேலிய, நியூசீலாந்துப் படைவீரரை ஏற்றிய பெருங் கப்பற்கூட்டம் அல்பனித் துறையை விட்டுப் புறப்பட்டது. அதற்குக் காவலாக வந்தவற்றுள் ஒன்று சிட்னி. 9ஆம் நாள் கொக்கோஸ் தீவிலிருந்து கம்பியில்லாத் தந்தி அபயக்குரல் எழுப்பவே, அது விரைந்து சென்று எம்டனைத் தாக்கிற்று. சிதைந்த எம்டன் தரைதட்டிற்று. சில நாட்களின்பின் சிட்னி கொழும்புத் துறைமுகத்துட் புகுந்தபோது, அங்கு நங்கூரமிட்டிருந்த துருப்புக் கப்பல்களில் ஆரவாரம் எழவில்லை. காயமுற்ற பகைவரும் தம் கப்பலில் இருந்தமையால், வெற்றி முழக்கம் வேண்டாமென அதன் தலைவர் கேட்டிருந்தார்.

கொழும்பைக் கடந்து எகிப்திற் பயிற்சி பெற்ற இவ்வீரரே ‘அன்சாக்’ படையினர். 1915ஆம் ஆண்டு ஏப்ரில் 25ஆம் நாள் விடியற்காலையில் அவர்கள் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கினர். டார்டனெல்ஸ் நீரிணையைத் திறந்து கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றுவது ஆங்கில அரசின் திட்டம். ஆனால், கரையை அடுத்துச் செங்குத்தான மேடுகள், மேட்டின்மேல் துருக்கியர். எட்டு மாதம் போராடியும் அம்மேடுகளை முற்றாகப் பிடித்தாரில்லை.

மே 24ஆம் நாள் இரு பக்கத்தாரும் துப்பாக்கியைக் கீழே வைத்து, இடைநிலத்திற் கிடந்த தத்தம் பிணங்களைப் புதைத்தனர். மாலையில் மீண்டும் சுடத் தொடங்கினர். ஓகஸ்ட் 7ஆம் நாள் நிகழ்ந்ததோ இன்னும் கொடியது. ‘நெக்’ என்னும் ஒடுங்கிய மேட்டில், குதிரைகளை எகிப்தில் விட்டுவந்த குதிரைப்படையினர் தாக்கவேண்டும். பீரங்கிகள் குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்னரே ஓய்ந்தன. துருக்கியர் தம் அகழிகளுக்குத் திரும்பிவிட்டனர். முதலணி எழுந்தது, வீழ்ந்தது. அதனைக் கண்ட பின்னரும் இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும் எழுந்தன. நான்காம் அணியிலும் ஒரு பகுதியினர் எழுந்தனர். 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிறுத்துமாறு சொல்ல அதிகாரமுடையவர் சொல்லவில்லை. இதை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது.

டிசம்பரில் அவர்கள் இரவோடிரவாக வெளியேறினர். துப்பாக்கியின் கீழே இரண்டு தகரப்பேணிகளைக் கட்டி, மேலதிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழதில் விழ, அதன் பாரம் விசையை இழுக்குமாறு ஒரு வீரர் அமைத்தார். ஆளில்லாத அகழியிலிருந்து குண்டுகள் பாய்ந்துகொண்டிருந்தன. அப்போர் முழுவதிலும் மிகத் திறமாக நடந்தேறிய காரியம் பின்வாங்கியதே!

மாண்ட அவுஸ்திரேலியர் 8,000க்கு மேற்பட்டோர். ஆங்கிலேயர் அதனினும் இருமடங்குக்கு மேல். துருக்கியர் 80,000க்கு மேல். அடுத்த ஆண்டு பிரான்சிலே பொசியேர் என்னும் ஊரில், ஏழு வாரத்துக்குள் 23,000 அவுஸ்திரேலியர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். 1917இல் பீர்ஷேபாவில் அவர்கள் குதிரைமீது பாய்ந்து பெருவெற்றியும் பெற்றனர். இவற்றையெல்லாம் விட்டு, தோற்ற களத்தின் நாளையே அந்நாடு தன் பெருநாளாகக் கொண்டதேன்?

ஆறு குடியேற்ற நாடுகள் 1901இல் வாக்கினாலும் சட்டத்தினாலும் ஒன்றாயின. அது ஏட்டில் நிகழ்ந்த பிறப்பு. கலிப்போலியிலிருந்து வந்த மரணத் தந்திகளோ எல்லா மாநிலங்களின் வீடுகளுக்கும் ஒருங்கே சென்றன. 50 இலட்சத்துக்குக் குறைந்த மக்களையுடைய நாடு, அப்போர் முடியுமுன் ஏறத்தாழ 60,000 பேரை இழந்தது. கட்டாயப் படைச்சேர்க்கையை மக்கள் 1916இலும் 1917இலும் வாக்களித்து மறுத்தனர். ஆதலின் கடல்கடந்து மாண்டோர் தாமாகச் சென்றவர்களே. அவர்களோடு சென்ற ஆதிக்குடி வீரரை மட்டும் நாடு நெடுங்காலம் மறந்திருந்தது. திரும்பிய வீரருக்கு வழங்கப்பட்ட குடியேற்றக் காணி அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. நாட்டின் மக்கட்டொகையில் ஆதிக்குடிகளைச் சேர்த்தெண்ணத் தடையாயிருந்த அரசியற் பிரிவு 1967இல்தான் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரிலும் அவர்களுடைய வழி இலங்கையூடாகவே சென்றது. 1942இல் யப்பானியர் நெருங்கியபோது, தம் படையைப் பர்மாவுக்கு அனுப்புமாறு சேர்ச்சில் கேட்டதைப் பிரதமர் ஜோன் கேர்ட்டின் மறுத்தார். எனினும் இரண்டு பிரிகேட்டுகளைச் சிலகாலம் இலங்கைக் காவலுக்கு விட்டுவைத்தார். அவற்றுள் ஒன்றாகிய 16ஆம் பிரிகேட், இங்கிருந்து நாடு திரும்பிய சில மாதங்களில் நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையில் நின்றது. சேறும் மலேரியாவும் நிறைந்த அப்பாதையில், காயமுற்றோரைத் தோளிற் சுமந்து இறக்கியவர் பப்புவா மக்கள். நவம்பர் 2ஆம் நாள் கொக்கோடா மீட்கப்பட்டது.

1992இல் பிரதமர் போல் கீற்றிங் அங்கே சென்று, முழந்தாளிட்டு அந்நிலத்தை முத்தமிட்டார். நாட்டின் நினைவு கலிப்போலியோடு நின்றுவிடலாகாது என்பது அவர் கருத்து. ஆயினும் ஏப்ரில் 25ஆம் நாள் பொழுது புலருமுன் நினைவுத்தூண்களைச் சூழ்ந்து மக்கள் வாய்பேசாது நிற்பது இன்றும் நடந்து வருகிறது.