விற்க மறுத்த கடைக்குத் தண்டனையா?

2018 பெப்ரவரி 14ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பார்க்லண்ட் என்ற ஊரிலுள்ள ஓர் உயர்நிலைப் பாடசாலையில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் 14 பேர் மாணவர்கள். சுட்டவனுக்கு வயது 19. அவன் கையிலிருந்த துப்பாக்கி திருடப்பட்டதல்ல. 18 வயதில் சட்டப்படி கடையில் வாங்கப்பட்டது.

இரண்டு வாரங்களின் பின்னர், 'டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்' என்ற பெரிய விளையாட்டுப் பொருள் விற்பனை நிறுவனம் சில முடிவுகளை அறிவித்தது. இராணுவத் துப்பாக்கிகளின் சாயலில் அமைந்த தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தன் எந்தக் கடையிலும் இனி விற்பதில்லை. 21 வயது நிரம்பாத எவருக்கும் எந்தத் துப்பாக்கியையும் விற்பதில்லை. அதிக ரவைகள் கொள்ளும் ரவைக்கூடுகளையும் விற்பதில்லை. அந்தக் கொலையாளிக்குத் தான் முன்னொருமுறை வேறொரு துப்பாக்கியை விற்றிருந்ததை அந்நிறுவனம் தன் பதிவேடுகளில் கண்டிருந்தது. சம்பவத்தில் பயன்பட்டது அத்துப்பாக்கியல்ல. ஆயினும் நிறுவனத்தின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. அதே நாளில் 'வோல்மார்ட்' நிறுவனமும் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது.

இப்போது துப்பாக்கி உரிமையாளர்கள் ஒரு தீர்மானத்துக்கு வரவேண்டியிருந்தது. தூண்டிலும் கூடாரமும் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் வாங்கிய அதே கடைக்குள் இனியும் கால் வைப்பதா, பகிஷ்கரிப்பதா? பலர் பகிஷ்கரிப்பையே தெரிவு செய்தனர். துப்பாக்கி உற்பத்தி நிறுவனங்கள் சிலவும் டிக்ஸுடனான வியாபாரத்தை முறித்துக்கொண்டன.

அவர்களது கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். யாரோ ஒருவன் செய்த கொலைக்குச் சட்டத்தை மதிக்கும் நாங்கள் ஏன் குற்றவாளிகள்போல் நடத்தப்பட வேண்டும் என்று கேட்கின்றனர். 18 வயதில் வாக்களிக்கலாம், இராணுவத்தில் சேரலாம், ஆனால் வேட்டைத் துப்பாக்கி வாங்கக் கூடாதா என்றும் கேட்கின்றனர். இவை பதில் சொல்லப்பட வேண்டிய கேள்விகள்.

பகிஷ்கரிப்பு ஓர் உரிமை என்பதிலும் ஐயமில்லை. 1880இல் அயர்லாந்தின் குத்தகை விவசாயிகள் சார்ள்ஸ் போய்கொட் என்ற காணி முகவரை ஒதுக்கி வைத்தார்கள். அவருடைய பெயரே ஆங்கிலத்தில் இச்செயலுக்குரிய சொல்லாகிவிட்டது. 1955இல் மொன்ட்கொமரி நகரின் கறுப்பின மக்கள் ஓராண்டுக்கும் மேலாகப் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே சென்று, இருக்கைகளில் நிறபேதம் பார்க்கும் வழக்கத்தை வீழ்த்தினார்கள். வாங்காமல் விடுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆகவே என் கேள்வி உரிமையைப் பற்றியதல்ல, காரணத்தைப் பற்றியது.

மொன்ட்கொமரியில் பஸ் கம்பனி மனிதரை அவமதித்தது. டிக்ஸ் யாரை அவமதித்தது? எவருடைய வீட்டிலிருந்தும் துப்பாக்கியைப் பறிக்கவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற வியாபாரிகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றனர். இங்கே கிடைக்காதது அடுத்த கடையில் கிடைக்கும். 1791இல் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது என்கிறார்கள். அத்திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. "நீ இதை விற்றே ஆகவேண்டும்" என்று ஒரு கடைக்காரரைப் பார்த்து அது சொல்லவில்லை.

நம் ஊர்களிலும் சிகரட் விற்காத கடைகள் உண்டு. புகைப்பவர் அடுத்த கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார். அதற்காக அரிசியும் பருப்பும் வாங்குவதை அவர் நிறுத்துவதில்லை. கடைக்காரரின் மனச்சாட்சியை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வயதெல்லையைப் பற்றிய கேள்விதான் கடினமானது. பொருளை மறுப்பது வேறு, ஆளை மறுப்பது வேறு. ஆனால் நிறமும் இனமும் மாறாதவை. வயதோ எல்லோரும் கடந்து செல்லும் படி. இங்கே கேட்கப்படுவது மூன்று வருடப் பொறுமை மட்டுமே. உரிமம் பெற்ற வியாபாரி 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்று 1968ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. டிக்ஸ் அந்த எல்லையை நீண்ட துப்பாக்கிகளுக்கும் பொருத்தியது. சில நாட்களில் புளோரிடா மாநிலமே சட்டத்தின் மூலம் அதைச் செய்தது.

பகிஷ்கரிப்பு எவ்வளவு வலியது என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1852இல் ஆரம்பிக்கப்பட்ட 'ஸ்மித் அன்ட் வெஸ்ஸன்' என்ற துப்பாக்கி நிறுவனம், 2000ஆம் ஆண்டு மார்ச்சில் கிளின்டன் அரசாங்கத்துடன் ஓர் உடன்படிக்கை செய்தது. துப்பாக்கிகளுக்குப் பாதுகாப்புப் பூட்டு, விற்பனையாளர்களுக்குக் கடுமையான ஒழுங்குவிதி என்பனவே அதில் இருந்தன. துப்பாக்கி உரிமையாளர்கள் பொங்கியெழுந்தனர். விற்பனை சரிந்தது. 1987இல் 11 கோடி டொலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கிய அந்நிறுவனத்தை, 2001இல் வெறும் ஒன்றரைக் கோடி டொலருக்கும் அதன் கடன்களை ஏற்பதற்கும் அதன் உரிமையாளர்கள் கைமாற்றினர்.

அந்தப் பகிஷ்கரிப்பு வென்றது. ஆனால் என்ன கிடைத்தது? பாதுகாப்பைப் பற்றி வாய் திறந்தால் அழிந்துவிடுவோம் என்ற அச்சம் ஒரு தொழிற்துறை முழுவதிலும் பரவியது. பூட்டுப் போட்ட துப்பாக்கியால் எந்த உரிமையாளருக்கு என்ன நட்டம்? ஒரு பிள்ளையின் கை தவறுதலாக விசையில் படாமல் இருப்பது அவருடைய வீட்டுக்கும் நல்லதுதானே?

டிக்ஸும் விலை கொடுத்தது. சுமார் 25 கோடி டொலர் விற்பனையை இழந்ததாக அதன் தலைமை நிறைவேற்று அதிகாரி எட்வர்ட் ஸ்டெக் பின்னர் கூறினார். ஊழியர்கள் சிலர் வேலையை விட்டுச் சென்றனர். ஆயினும் நிறுவனம் பின்வாங்கவில்லை. கைவசம் மீதமிருந்த சுமார் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிப் பணம் பெறாமல் அழித்துவிட்டது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரின் வோல்மார்ட் கடையிலேயே 23 உயிர்கள் பறிபோகக் காரணமான துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த மாதமே வோல்மார்ட் கைத்துப்பாக்கி ரவைகளின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்க ரவைச் சந்தையில் சுமார் 20 சதவீதமாக இருந்த தன் பங்கு 6 முதல் 9 சதவீதமாகக் குறையும் என்று தெரிந்தே அதைச் செய்தது.

துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். உங்களுக்கு வேண்டியதை வேறு கடையில் வாங்குங்கள். முகாமையாளருக்குக் கடிதம் எழுதி உங்கள் அதிருப்தியைச் சொல்லுங்கள். ஆனால் 'விற்க மாட்டேன்' என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு கடையை மூட வைக்க முயலாதீர்கள். உங்களுக்கு வாங்கும் சுதந்திரம் எவ்வளவு பெரிதோ, அவருக்கு விற்காமலிருக்கும் சுதந்திரமும் அவ்வளவு பெரிது. ஒன்றைக் காப்பதாகச் சொல்லி மற்றதை நசுக்கினால், நீங்கள் காப்பது சுதந்திரத்தை அல்ல, துப்பாக்கியை மட்டுமே.

பார்க்லண்டில் இறந்த மாணவர்களில் என்னைப் போன்ற பதினேழு வயதினரும் இருந்தனர். 21 வயதுவரை பொறுத்திருப்பவருக்கு அதற்குப் பின்னரும் துப்பாக்கி வாங்க ஒரு வாழ்நாள் இருக்கிறது. அவர்களுக்கு 21 வயதே வரவில்லை.