தொகையைத் தொடராகப் படித்தல்: ‘பேட்மேன்: காதம் நைட்’ மதிப்பீடுகளுக்கு ஒரு மறுப்பு

அசைவூட்டப் படங்களைத் தமிழ்த்துறை ஆய்வுக்குரிய பனுவலாகக் கொள்ளலாமா என்னும் வினா இன்னும் முடிவுபெற்றபாடில்லை. கொள்ளலாகாது என்போருடன் வழக்காடிப் பயனில்லை. காலம் அவர்களுக்கு விடை சொல்லும். கொள்ளலாம் என்று முன்வந்து, பின் அப்படங்களை அளக்கத் தவறான அளவுகோலை எடுப்போருடனேயே இக்கட்டுரைக்கு வழக்கு.

எடுத்துக்காட்டாக ஒரு படம். 2008 சூலையில் குறுவட்டாக வெளிவந்த ‘பேட்மேன்: காதம் நைட்’ ஆறு தனிப்பகுதிகளால் ஆனது. எழுதியோர் அறுவர், இயக்கியோர் அறுவர். ஸ்டுடியோ ஃபோர் டிகிரி சி, புரொடக்‌ஷன் ஐ.ஜி., பீ டிரெயின், மேட்ஹவுஸ் என்னும் நான்கு சப்பானியக் கலைக்கூடங்கள் அவற்றைப் பகிர்ந்து வரைந்தன. நாயகனுக்குக் குரல் ஒன்று. கெவின் கான்ராய் ஆறிலும் பேசுகிறார். முகமோ பகுதிதோறும் வேறு. ஒன்றில் இளைஞன், மற்றொன்றில் தடித்த நடுவயதினன்.

இப்படத்தின்மேல் சாற்றப்படும் குற்றங்கள் மூன்று: ஒருமைப்பாடு இல்லை; பாத்திரம் வளர்ச்சியுறவில்லை; கதை முடிபு பெறவில்லை. மூன்றும் தொடர்நிலைச் செய்யுளுக்குரிய எதிர்பார்ப்புகள் என்பதை இவ்வாறு கூறுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை எனச் செய்யுளை நால்வகைப்படுத்தும் தண்டியலங்காரத்தை இளங்கலை வகுப்பிலேயே நாம் கற்பிக்கிறோம். தொகைநிலையைப் பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு ஆகியவற்றால் தொகுக்கலாம் என்பதையும் கற்பிக்கிறோம். பொருளுக்குப் புறநானூற்றையும் பாட்டுக்குக் கலித்தொகையையும் அளவுக்குக் குறுந்தொகையையும் மாணவர் ஒப்புவிக்கின்றனர். ஆயின் திரைப்படம் என்று வந்தவுடன் இவையனைத்தும் மறந்துபோய், மேனாட்டுத் திரைக்கதைக் கையேடுகளின் தொடக்கம், சிக்கல், தீர்வு என்னும் சட்டகமே நம் கைக்கு வருகிறது. ஐங்குறுநூற்றை ஐந்து புலவர் பாடினர். புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் தொகுத்தார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்தான். ஓரம்போகியாரின் மருதத் தலைவி அம்மூவனாரின் நெய்தலில் ஏன் வளர்ச்சியுறவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

தொகை என்று பெயர் சூட்டிவிட்டால் மதிப்பீடு முடிந்துவிடுமா? முடியாது. தொகுத்ததற்கு ஏது உண்டா, அடுக்கிய வரிசையில் பொருள் உண்டா என்பனவே அடுத்து எழ வேண்டிய வினாக்கள். இப்படத்தில் அந்த ஏது நாயகன் என்று பலரும் கருதுவர். என் கணிப்பில் அது தோட்டா. மூன்றாம் பகுதியில் தோட்டாக்களைத் திசைதிருப்பும் மின்காந்தக் கருவியொன்று நாயகனுக்குக் கிடைக்கிறது. திரும்பிய தோட்டா வேறொருவன்மேல் பாய்ந்ததும் அக்கருவியை அவன் துறக்கிறான். தன் உயிரை மட்டுமே பணயம் வைக்க அவனுக்கு உடன்பாடு. ஐந்தாம் பகுதியில் குண்டடிபட்ட வயிற்றுடன் கழிவுநீர்ச் சுரங்கத்தில் ஊர்கிறான். இறுதிப் பகுதி குறிதவறாத கொலைஞன் ஒருவனைப் பற்றியது. பெற்றோரைக் கொன்ற தோட்டாக்களை வாழ்நாளெல்லாம் தடுக்க முயல்பவனாக நாயகன் அங்கே தன்னை உணர்கிறான். கருவியால் தடுத்தல், உடலில் ஏற்றல், நினைவில் சுமத்தல் என்னும் இந்த அடைவு தற்செயலானதன்று. (நான்காம் பகுதி இவ்வரிசையில் ஒட்டவில்லை. முதலை மனிதனோடு நிகழும் அந்தப் போர் வெறும் இடைநிரப்பி.)

முதற்பகுதி தனியே கருதத்தக்கது. சறுக்குப்பலகைச் சிறுவர் மூவர் தாம் கண்ட நாயகனை நண்பனொருவனிடம் விவரிக்கின்றனர். ஒருவருக்கு அவன் உருகி மறையும் நிழல்; ஒருவருக்குச் சிறகுடைய விலங்கு; ஒருவருக்கு இயந்திரம். நான்காமவன் முன் வந்து விழுபவனோ காயமுற்ற மனிதன். இதற்குச் சப்பானிய ‘ராஷோமோன்’ படத்தை ஒப்புக்காட்டுதல் எளிது. புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் நமக்கு இன்னும் அண்மையில் உள்ளன. வெண்ணிப் போர் ஒன்றே. கழாத்தலையார், புறப்புண் நாணி வடக்கிருந்த பெருஞ்சேரலாதன் இல்லாப் பொழுதின் வெறுமையைப் பாடுகிறார். வெண்ணிக் குயத்தியாரோ வென்ற கரிகாலனை முன்னிறுத்திக்கொண்டே தோற்றவனை உயர்த்திவிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த தொகுப்பாளன் ஒரு சொல்லும் எழுதாமலேயே ஒரு வாதத்தை நிகழ்த்திவிட்டான். வீரனைக் காண்போரின் பார்வை வேறுபாடும் புண்ணின் பொருளும் ஒருங்கே வரும் இடம் இது.

இதனால் ‘அதிநாயகன் எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு’ என்று கூத்தாடுவோர்க்கு நான் துணைபோவதாகக் கொள்ள வேண்டா. அனுமனைப் பறக்கும் நாயகனோடும் அதியமானை முகமூடி வீரனோடும் சமன்செய்யும் ஒப்பாய்வுகள் இரண்டு பக்கத்தையும் இழக்கின்றன. நாம் கடன் கொடுக்க வேண்டியது மதிப்பிடும் முறையை மட்டுமே. முன்னுரிமைச் சான்றிதழை அன்று.

முறையோடு பார்ப்பவர்க்கே குறையும் தெளிவாகத் தெரியும். ஐந்தாம் பகுதியில் நாயகன் வலியை வெல்லக் கற்பது இந்தியாவில். கற்பிப்பவள், ஆண்வேடமிட்டுப் பக்கீர்களிடம் பயின்று, வேடம் வெளிப்பட்டதால் விலக்கப்பட்டு ஊரோரம் வாழும் பெண். அவள் பெயர் கசாண்ட்ரா! பேசுவதை எவரும் நம்பாத கிரேக்கக் குறிசொல்லியின் பெயர் இந்தியச் சிற்றூர்ப் பெண்ணுக்கு. ஊருக்குப் பெயர் இல்லை, மொழி இல்லை. அவளைத் துன்புறுத்தும் இளைஞர்கள் நாயகன் தன் பயிற்சியைக் காட்டுவதற்காகவே வருகின்றனர். முதல், கரு, உரி மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்று கற்றவர்க்கு, இங்கு உரிப்பொருள் ஒன்றிற்காக நிலம் வெறும் திரைச்சீலையாக்கப்பட்டது உடனே புலப்பட வேண்டும். நகரப் பகுதிகளில் ஒவ்வொரு சந்துக்கும் உழைத்த அதே கலைஞர்கள் இங்கே சுற்றுலா அட்டையோடு நிறைவுற்றனர். அப்பகுதியின் இறுதிக் காட்சி, குப்பையில் கிடந்த துப்பாக்கிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, மீட்க வந்த ஆல்ஃபிரடுக்குக் கைகொடுக்க முடியாமல் நாயகன் நிற்பது, படத்திலேயே சிறந்தது என்பதால் இக்குறை மேலும் உறுத்துகிறது.

இதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. சப்பானிய அசைவூட்டத்தில் இந்தியா இடம்பெறுவதற்கு நாம் எப்போதும் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை. யூகோ சாகோ 1983இல் இராமாயண அகழாய்வு குறித்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, இராமாயணத்தை அயலார் தம் விருப்பம்போல் படமாக்கலாகாது என்று விசுவ இந்து பரிசத்து எழுதிய கண்டன மடல் தில்லியிலுள்ள சப்பானியத் தூதரகத்தை அடைந்தது. சாணக்யபுரியின் தூதரக வரிசையில் இன்று அமைந்திருப்பதும் அத்தூதரகமே. சாகோ பின்வாங்கவில்லை. கோயிச்சி சசாகி, இராம் மோகன் ஆகியோருடன் இயக்கிய அசைவூட்ட இராமாயணத்தை 1992இல் முடித்தார். அது 2025 சனவரியில் தமிழ்க் குரலுடனும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. காப்பியம் என்றால் எடுக்கும் உரிமை யாருடையது என்று மடல் எழுதுகிறோம். அதிநாயகன் என்றால் சிறார் பொழுதுபோக்கு என்று வாளாவிருக்கிறோம். எடுத்தது எவ்வாறு எடுக்கப்பட்டது என்னும் கேள்வி இரண்டு இடத்தும் கேட்கப்படவில்லை. அயோத்தியின் மாடங்களை இந்திய வல்லுநர் துணையோடு வரைந்த கவனமும், பெயரில்லாச் சிற்றூரை வரைந்த அலட்சியமும் ஒரே நாட்டுக் கலைமரபிலிருந்து வந்தவை. அவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதை ஆராய நம் துறைகளில் ஒரு முனைவர்பட்டத் தலைப்பாவது ஒதுக்கப்பட வேண்டும்.